ஸ்போர்ட்டி கிராஸ்ஓவர் வாங்கும் முன் டெஸ்ட் டிரைவில் எதை, எப்படிப் பார்ப்பது?

கேள்வி இது: "சேலத்தில் இருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, ஐந்து வயதுப் பையன், முழங்கால் வலியுள்ள அம்மா. தினமும் ஊருக்குள் 20 கி.மீ. ஓட்டம், மாதம் இரண்டு முறை பெங்களூரு. கிரெட்டா என் லைன், டைகுன் 1.5, ஃப்ரான்க்ஸ் டர்போ, மூன்றையும் ஆட்டோமேட்டிக்கில் பத்துப் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். மூன்றுமே பிடித்துவிட்டன. எப்படி முடிவெடுப்பது?"

பத்து நிமிடம் ஓட்டினால் மூன்றும் பிடிக்கத்தான் செய்யும். டர்போ இல்லாத பழைய பெட்ரோல் காரிலிருந்து இறங்கி, எஞ்சின் நிமிடத்துக்கு 1500 சுற்று (ஆர்.பி.எம்.) சுழலும்போதே 253 என்.எம். இழுவை தரும் கிரெட்டா என் லைனில் ஏறினால், ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே மனம் விழுந்துவிடும். டைகுன் 1.5 எஞ்சினும் 150 பி.எஸ். சக்தி, 250 என்.எம். இழுவை; ஓட்டத்தில் அதற்குக் குறைந்ததல்ல. ஃப்ரான்க்ஸின் 1.0 டர்போ 100 பி.எஸ்.தான் என்றாலும் வண்டி இலகுவானது, ஊருக்குள் துள்ளிக்கொண்டு போகும். ஆக, பிக்கப் இருக்கிறதா என்பது டெஸ்ட் டிரைவில் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. அதற்கு விடை விவரத்தாளிலேயே இருக்கிறது. அந்த பிக்கப்புக்காக மற்ற நேரங்களில் நீங்களும் அம்மாவும் எதையெல்லாம் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதைத்தான் சாலையில் கண்டுபிடிக்க வேண்டும். அது ஊர்ந்து போகும்போதும், மேடு ஏறும்போதும், பின்சீட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும்தான் தெரியும்.

அதனால் முதல் வேலை, இரண்டாவது டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். இத்தனை லட்சம் ரூபாய் கொடுப்பவர் ஒரு மணி நேரம் கேட்பதில் தவறே இல்லை. வீட்டுக்கே வண்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலான டீலர்கள் அனுப்புவார்கள். வார நாளில் காலை பதினொரு மணி அல்லது பிற்பகல் மூன்று மணி கேட்டு வாங்குங்கள். சனி, ஞாயிறு என்றால் வரிசையில் அடுத்த ஆள் நிற்பார், அவசரப்படுத்துவார்கள். முடிந்தால் மூன்று வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே பாதையில் ஓட்டுங்கள். ஒரு வாரம் இடைவெளி விட்டால் முதல் வண்டியின் ஆட்டமும் சத்தமும் ஞாபகத்தில் மங்கிவிடும். கடைசியாக ஓட்டியதே நல்ல வண்டி என்று தோன்றும்.

போனில் பேசும்போதே இன்னொன்றையும் உறுதி செய்யுங்கள். நீங்கள் வாங்கப்போகும் அதே எஞ்சின், அதே கியர்பாக்ஸ், அதே வீல் அளவு உள்ள வண்டிதான் வேண்டும். "எஞ்சின் ஒன்றுதான் சார், கியர் மட்டும்தான் வேற" என்று மேனுவல் வண்டியைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டர்போ வண்டியில் கியர்பாக்ஸ் மாறினால் வண்டியின் குணமே மாறிவிடும். லைசென்ஸை அசலாகவோ டிஜிலாக்கரிலோ வைத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துக் கேட்கும் படிவத்தில், விபத்து நேர்ந்தால் செலவு யார் பொறுப்பு என்ற வரியைப் படித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். டெமோ வண்டியின் இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

சாவி போடும் முன்

வண்டி வந்ததும் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். யாருமே செய்யாத, ஆனால் தீர்ப்பையே மாற்றிவிடக்கூடிய சோதனை இது. யார்டில் நிறுத்திவைக்கும் வண்டிகளில் காற்றைக் கூடுதலாக அடித்து வைப்பது வழக்கம். 33 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய டயரில் 40 இருந்தால் நல்ல சஸ்பென்ஷன்கூட மாட்டு வண்டி போலத் தட்டும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான அளவு இருக்கும். டயர் பிரஷர் காட்டும் வசதி இருந்தால் திரையிலேயே பார்த்துவிடலாம், இல்லையென்றால் கையடக்க கேஜ் ஒன்று போதும். ஓடிச் சூடான டயரில் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அது இயல்பு. அதற்கு மேல் இருந்தால் பக்கத்து பங்கில் சரிசெய்துவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

டயரில் எழுதியிருப்பதையும் படியுங்கள். 205/55 ஆர்17 என்றால் வீல் 17 இன்ச், டயரின் அகலம் 205 மி.மீ.; அதில் 55 சதவீதம், அதாவது ஏறத்தாழ 113 மி.மீ., பக்கச்சுவரின் உயரம். பள்ளத்தில் விழும்போது முதல் அடியை வாங்குவது அந்த ரப்பர்தான். டைகுன் 1.5-இல் வரும் அளவு இது. கிரெட்டா என் லைனின் 215/55 ஆர்18-இல் பக்கச்சுவர் 118 மி.மீ., ஃப்ரான்க்ஸின் 195/60 ஆர்16-இல் 117. "18 இன்ச் வீல், அதனால் தூக்கிப்போடும்" என்று பலரும் சொல்வதை இந்தக் கணக்கு அப்படியே ஆமோதிக்கவில்லை, பாருங்கள். ரப்பரின் உயரம் மூன்றிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய வீலுக்கு எடை கூடுதல். அது குழியில் இறங்கி ஏறும்போது சஸ்பென்ஷனுக்கு வேலை அதிகம். அதனால் வீல் அளவை மட்டும் பார்த்து எதையும் ஒதுக்காமல் ஓட்டிப் பாருங்கள். டிக்கியின் தரையைத் தூக்கி ஸ்டெப்னியையும் பாருங்கள். பல மாடல்களில் நான்கு சக்கரமும் பெரிய அலாய், ஸ்டெப்னி மட்டும் சிறிய ஸ்டீல் வீல். அதைப் போட்டால் 80-க்கு மேல் போகக் கூடாது என்று அதிலேயே ஸ்டிக்கர் இருக்கும். இரவில் ஓசூர் பக்கம் பஞ்சர் ஆனால் இதன் அருமை தெரியும்.

அடுத்து, எஞ்சினை அணைத்தபடியே கால் மணி நேரம் உட்காருங்கள். அம்மாவைக் கட்டாயம் அழைத்துப் போங்கள். அவர் ஏறுவதைப் பக்கத்தில் நின்று உதவாமல் கவனியுங்கள். ஸ்போர்ட்டி சீட்டுகளில் தொடையைப் பிடித்துக்கொள்ள இரு பக்கமும் திண்டு உயர்ந்திருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் முதலில் பக்கவாட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவார்கள். அப்போது அந்தத் திண்டு தொடையின் அடியில் குத்தும். அவர் ஒரு கையால் மேலே கைப்பிடியைத் தேடுவார். அது கைக்கு எட்டுகிறதா? கதவடியில் இருக்கும் படியைத் தாண்ட காலை எவ்வளவு தூக்க வேண்டியிருக்கிறது, சேலையின் ஓரம் அதில் உரசி அழுக்காகிறதா? உட்கார்ந்த பிறகு முழங்கால் இடுப்பைவிட மேலே நின்றால் இறங்குவது கடினம். ஏறுவதை எல்லோரும் பார்க்கிறார்கள், இறங்குவதைப் பார்ப்பதில்லை. மூன்று முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பின்பக்கம் சரிந்த கூரை உள்ள வண்டி என்றால் ஏறும்போது தலை இடிக்கிறதா என்பதும் இதிலேயே தெரிந்துவிடும். ஃப்ரான்க்ஸில் இதைக் கூடுதலாகக் கவனியுங்கள்.

பையனைப் பின்சீட்டில் உட்காரவைத்து, வெளியே தெரிகிறதா என்று கேளுங்கள். ஸ்போர்ட்டி தோற்றத்துக்காகக் கண்ணாடியின் அடிக்கோட்டைப் பின்னால் போகப்போக உயர்த்தியிருப்பார்கள். குழந்தைக்குக் கதவின் பிளாஸ்டிக் மட்டும்தான் தெரியும் என்றால் ஏற்காடு போய்வரும்போது வாந்தி நிச்சயம். குழந்தை சீட் இருந்தால் அதையும் எடுத்துப்போய் ஐசோஃபிக்ஸ் கொக்கியில் மாட்டிப் பாருங்கள்.

ஓட்டுநர் சீட்டில் நீங்கள் பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று, வலப்பக்க முன் தூண். வண்டி கவிழ்ந்தால் கூரை நசுங்காமல் காக்கவும் ஏர்பேக் வைக்கவும் அதைத் தடிமனாக்கியிருக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனால் வலப்பக்கம் திரும்பும்போது ஒரு முழு இருசக்கர வண்டியை அது மறைத்துவிடும். சீட்டைச் சரிசெய்துகொண்டு, நண்பரைப் பத்தடி தள்ளி நிறுத்தி, மெல்ல நடக்கச் சொல்லுங்கள். அவர் தூணுக்குப் பின்னால் எத்தனை அடிக்கு மறைகிறார் என்று பாருங்கள். மூன்று வண்டிகளிலும் இந்த அளவு வேறுவேறு. பிறகு கண்ணைச் சாலையிலேயே வைத்துக்கொண்டு ஏ.சி. காற்றைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தொடுதிரையில் மட்டுமே அது முடியும் என்றால் தினமும் சிரமம்தான்.

எஞ்சின் சூடாகும் முன்

முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். ஏ.சி.யைப் போட்டு, பிரேக்கில் கால் வைத்து, டி-யில் நிறுத்துங்கள். ஃப்ரான்க்ஸ் 1.0 டர்போ மூன்று சிலிண்டர், மற்ற இரண்டும் நான்கு. மூன்று சிலிண்டரில் ஒரு மெல்லிய நடுக்கம் இயல்பாகவே இருக்கும். அது ஸ்டியரிங்கில் வருகிறதா, சீட்டில் வருகிறதா, உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டியின் உருவம் ஆடுகிறதா என்று பாருங்கள். அம்மாவிடம், "காலில் அதிர்வு தெரியுதாம்மா?" என்று கேளுங்கள். உங்களுக்குப் பொருட்டாகத் தெரியாதது அவருக்குத் தெரியும்.

சேல்ஸ் ஆள் ஸ்போர்ட் மோடைப் போட்டுத்தான் சாவி தருவார். முதல் வேலையாக அதை நார்மலுக்கு மாற்றுங்கள், பாட்டையும் அணையுங்கள். ஸ்போர்ட் மோடில் எஞ்சினுக்குப் புதிதாகச் சக்தி வருவதில்லை. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தாலே நிறைய மிதித்ததாக எடுத்துக்கொள்ளும், கியரைத் தாமதமாக மாற்றும், சில வண்டிகளில் ஸ்டியரிங்கும் கனமாகும். தினசரி ஓட்டம் நார்மல் மோடில்தான் என்பதால் முக்கால் மணி நேரமும் அதிலேயே ஓட்டுங்கள். ஸ்போர்ட்டுக்குக் கடைசியில் ஐந்து நிமிடம் போதும்.

ஊர்ந்து போகும்போது

உங்கள் முடிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தீரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் ஆட்டோமேட்டிக்குகள் இரண்டு வகை. ஃப்ரான்க்ஸ் டர்போவில் இருப்பது 6 கியர் டார்க் கன்வெர்ட்டர். எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் சுழன்று சக்தியைக் கடத்தும். மெல்ல ஊர்ந்தால் தேய்வதற்கு அங்கே கிளட்ச் பிளேட் உரசுவதில்லை. கிரெட்டா என் லைனிலும் டைகுன் 1.5-இலும் 7 கியர் இரட்டைக் கிளட்ச் (டி.சி.டி.). உள்ளே இருப்பது நம் மேனுவல் வண்டியில் இருப்பது போன்ற உலர் கிளட்ச்தான், காலுக்குப் பதில் கம்ப்யூட்டர் மிதிக்கிறது. நெடுஞ்சாலையில் இது கண்ணிமைக்கும் நேரத்தில் கியர் மாற்றும், சக்தி வீணாகாது. ஆனால் 5 கி.மீ. வேகத்தில் ஊரும்போது மேனுவலில் நாம் அரைக் கிளட்ச் பிடிப்பதைத்தான் அதுவும் செய்கிறது. பிளேட் உரசுகிறது, சூடாகிறது. தொடர்ந்து அப்படியே ஊர்ந்தால் சில வண்டிகளில் கியர்பாக்ஸ் சூடாகிறது என்று திரையில் எச்சரிக்கைகூட வரும்.

ஆகவே உங்கள் ஊர் ஐந்து ரோடு சந்திப்பின் நெரிசலுக்குள் வேண்டுமென்றே போங்கள். மாலை நேரம் என்றால் இன்னும் நல்லது. பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுங்கள், ஆக்ஸிலரேட்டரைத் தொடாதீர்கள். வண்டி வழுக்கினாற்போல நகர்கிறதா, அல்லது ஒரு கணம் தயங்கி, சின்னக் குலுக்கலோடு கிளம்புகிறதா? முன்னால் போகும் ஆட்டோ நிற்கும், நகரும், மறுபடி நிற்கும். அதற்குப் பின்னால் பத்து நிமிடம் போங்கள். முதல் இரண்டு நிமிடம் சரியாக இருந்துவிட்டு, கிளட்ச் சூடானதும் ஏழாவது நிமிடத்தில் ஆட்டம் காட்டும் வண்டிகள் உண்டு. இரண்டாவது கியரில் இறங்கிவந்து, முழுதாக நிற்காமல் மறுபடி மிதிக்கும் கட்டம் மிகக் கடினமானது. முதல் கியரா, இரண்டாவதா என்று குழம்பி அந்த இடத்தில்தான் வண்டி தலையாட்டும். எல்லா டி.சி.டி.யிலும் இது கொஞ்சம் உண்டு. எவ்வளவு என்பதும், உங்களால் தினமும் பொறுக்க முடியுமா என்பதும்தான் கேள்வி.

பிறகு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நில்லுங்கள். பிரேக்கை விட்டதும் ஹில் ஹோல்டு ஏறத்தாழ இரண்டு நொடி பிடிக்கும். மனதுக்குள் எண்ணுங்கள். அதற்குள் நீங்கள் ஆக்ஸிலரேட்டருக்கு வந்துவிட்டால் வண்டி பின்வாங்காமல் கிளம்ப வேண்டும். பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்து மேட்டில் நிறுத்தி வைக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் உலர் கிளட்ச் வண்டியே வேண்டாம். பிளேட் சீக்கிரம் போய்விடும். உங்கள் வீட்டில் சரிவான போர்ட்டிகோ இருந்தால் அதில் ரிவர்ஸில் மெல்ல ஏற்றிப் பாருங்கள். இந்தக் கியர்பாக்ஸுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. கருகும் வாடை வந்தாலோ, வண்டி விட்டுவிட்டு எட்டிக் குதித்தாலோ குறித்துக்கொள்ளுங்கள். ஸ்போர்ட்டி பம்பரின் கீழ் உதடு சரிவில் உரசுகிறதா என்பதும் அப்போதே தெரியும்.

மேனுவல் வாங்கும் எண்ணம் வந்தால் சோதனை வேறு. வேகத்தடையை இரண்டாவது கியரில் 15 கி.மீ. வேகத்தில் தாண்டி, பாதி ஆக்ஸிலரேட்டர் கொடுங்கள். வண்டி இழுக்கத் தொடங்க எத்தனை நொடி ஆகிறது? டர்போ சுழல வேகம் வேண்டும், அதுவரை எஞ்சின் திணறும். கிரெட்டா 1500 ஆர்.பி.எம்.மிலிருந்தும், டைகுன் 1.5 1600-லிருந்தும் முழு இழுவை தரும். ஃப்ரான்க்ஸ் டர்போவின் 147.6 என்.எம். 2000-இல்தான் முழுதாக வரும். விவரத்தாளில் 400, 500 என்று சிறியதாகத் தெரியும் இந்த வித்தியாசத்தால், தெருவுக்குத் தெரு வேகத்தடை உள்ள ஊரில் நாளுக்கு ஐம்பது முறை முதல் கியருக்கு இறங்க வேண்டிவரும்.

ஆள் ஏற்றி, மோசமான சாலையில்

நான்கு பேரும் உட்கார்ந்து, டிக்கியில் இரண்டு பெட்டியும் வைத்துக்கொண்டு போங்கள். தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி டைகுனில் 188 மி.மீ., ஃப்ரான்க்ஸில் 190 மி.மீ. என்று எழுதியிருக்கும். ஆள் ஏறினால் சஸ்பென்ஷன் அமுங்கி அது குறையும். உங்கள் தெருவிலேயே உயரமான வேகத்தடையில் அடி தட்டாமல் தாண்டுகிறதா என்று பாருங்கள்.

அடுத்து, குழாய் பதிக்கத் தோண்டி ஒட்டுப்போட்ட சாலை. சேலத்தில் தேடிப் போக வேண்டியதில்லை. 30 கி.மீ. வேகத்தில் போங்கள், ஆனால் இந்த முறை நீங்கள் ஓட்டாமல் பின்சீட்டில் உட்காருங்கள். சஸ்பென்ஷனைப் பற்றிய உண்மை அங்கேதான் தெரியும். இறுக்கமாக அமைத்த வண்டி சின்னச் சின்ன ஒட்டுகளை ஒவ்வொன்றாக இடுப்புக்குச் சொல்லும். அதே வண்டி 90-இல் பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கி ஒரே அமுக்கில் நிலைகொள்ளும். மெத்தென்று அமைத்த வண்டியில் இது தலைகீழ்: ஊருக்குள் சுகம், வேகத்தில் இரண்டு மூன்று முறை மிதந்து ஆடும். இரண்டும் முழுதாகக் கிடைக்கும் வண்டி இந்த விலையில் இல்லை. உங்கள் ஓட்டத்தில் நாள் கணக்கில் ஊர் அதிகம், கிலோமீட்டர் கணக்கில் பெங்களூரு அதிகம். அம்மா எந்தப் பயணத்தில் அதிகம் வருவாரோ அதற்கு முதலிடம் கொடுங்கள்.

நெடுஞ்சாலையும் மலை அடிவாரமும்

ஊரைத் தாண்டியதும் 40-இல் சீராகப் போய், பின்னால் வண்டி இல்லாதபோது ஆக்ஸிலரேட்டரை முக்கால் வரை மிதியுங்கள். மிதித்த கணத்திலிருந்து வண்டி பாயும் கணம் வரை எண்ணுங்கள். கியர்பாக்ஸ் இரண்டு, மூன்று கியர் இறக்க வேண்டும், டர்போ சுழல வேண்டும். இந்தத் தாமதம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. இருவழிச் சாலையில் 50-இல் போகும் லாரியை நீங்கள் 80-இல் தாண்டுகிறீர்கள், லாரியின் நீளத்தோடு முன்னும் பின்னும் விடும் இடத்தையும் சேர்த்து 40 மீட்டர். ஏறத்தாழ 5 நொடி ஆகும். அதற்குள் நீங்கள் 110 மீட்டர் போயிருப்பீர்கள். எதிரே 60-இல் வரும் பேருந்து 83 மீட்டர் நெருங்கியிருக்கும். கியர்பாக்ஸ் ஒரு நொடி யோசித்தால் கூடுதலாக 39 மீட்டர் வேண்டும். 100-ஐ எத்தனை நொடியில் தொடுகிறது என்று விளம்பரம் சொல்லும் எண்ணைவிட இந்த ஒரு நொடி உயிருக்கு நெருக்கமானது.

அதே சாலையில், பின்னால் யாரும் இல்லை என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, உடன் இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு, 60-லிருந்து அழுத்தமாக பிரேக் பிடியுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராக நிற்க வேண்டும். காலுக்குக் கீழே பெடல் துடித்தால் அது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்., பயப்பட வேண்டாம், காலை எடுக்கவும் வேண்டாம். தினசரி ஓட்டத்துக்கு இதைவிட முக்கியம், லேசாக மிதித்தால் லேசாகப் பிடிக்கிறதா என்பது. முதல் தொடுதலிலேயே வெடுக்கென்று பிடிக்கும் வண்டியில் பின்சீட்டில் இருப்பவர்களின் தலை ஆடிக்கொண்டே இருக்கும். பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கிறது என்பதற்காக மட்டும் எதையும் ஒதுக்க வேண்டாம்.

80-இல் ஏ.சி.யைக் குறைந்த காற்றில் வைத்து, பின்சீட்டில் இருப்பவரோடு சாதாரணக் குரலில் பேசுங்கள். போனில் சத்த அளவு காட்டும் செயலி இருந்தால் மூன்று வண்டியிலும் ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் வைத்து அளவெடுங்கள். ஒப்பிட அது போதும்.

கிரெட்டா என் லைனின் டிரைவர் உதவி வசதிகளை, குறிப்பாகத் தானாகப் பிரேக் பிடிப்பதையும் தடத்தைப் பிடித்து ஸ்டியரிங்கைத் திருப்புவதையும், சாலையில் உணர்ந்து பாருங்கள். நம் ஊரில் இருசக்கர வண்டி சட்டென்று குறுக்கே நுழையும். வண்டி எதிர்பாராமல் பிரேக் பிடித்தால் பின்னால் வருபவர் மோதுவார். நெடுஞ்சாலையில் அதே வசதி காப்பாற்றும். எப்படி அணைப்பது, அணைத்தது அடுத்த ஸ்டார்ட்டில் தானே உயிர்பெறுகிறதா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சேலத்துக்காரருக்கு ஒரு வசதி இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களுக்கு இது வாய்க்காது. கோரிமேடு தாண்டி அடிவாரம் போனால் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகின்றன. முன்பே அனுமதி கேட்டுக்கொண்டு முதல் மூன்று வளைவு மட்டும் ஏறி இறங்குங்கள், போதும். ஏறும்போது வளைவின் நடுவில், வேகம் 15-க்கு இறங்கியபின் மிதித்தால் வண்டி உடனே இழுக்கிறதா, திணறுகிறதா? அழுத்தமாக மிதிக்கும்போது ஸ்டியரிங் கையை ஒரு பக்கம் பிடுங்குகிறதா? முன்சக்கரமே இழுப்பதும் திரும்புவதுமாக இருக்கும் சக்திவாய்ந்த வண்டியில் அது வரும். உயரமான வண்டி என்பதால் உடல் சாயத்தான் செய்யும். ஒரே சீராகச் சாய்ந்து நின்றால் கவலையில்லை. சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தால் பின்சீட்டுக்காரர்களுக்கு வயிறு புரட்டும். இறங்கும்போது கியரை மேனுவலுக்கு மாற்றி, இரண்டாவதில் பிடித்து வையுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடிக்க வேண்டும். பெங்களூருவிலிருந்து திரும்பும்போதெல்லாம் தொப்பூர் இறக்கத்தில் வரப்போகும் உங்களுக்கு இது கட்டாயம் பார்க்க வேண்டிய ஒன்று.

வெயில் நேரத்தில் போயிருந்தால் ஏ.சி. சோதனையும் அதிலேயே முடிந்துவிடும். ஸ்போர்ட்டி மாடல்களில் உட்புறம் முழுக்கக் கருப்பு. அரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு ஏறி, பின்சீட்டுக்குக் குளிர் வர எத்தனை நிமிடம் என்று பாருங்கள். சிக்னலில் எஞ்சின் தானாக அணையும் வசதி இருந்தால் அப்போது கம்ப்ரஸரும் நின்று வெறும் காற்று வரும். அணைக்கும் பொத்தான் எங்கே என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு வண்டியையாவது இரவு ஏழு மணிக்கு மேல் கேட்டு வாங்கி, தெருவிளக்கு இல்லாத சாலையில் லோ பீம் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பாருங்கள். பெங்களூரு பயணத்தில் பாதி இருட்டில்தான்.

மைலேஜை டெமோ வண்டியின் திரையில் தேடாதீர்கள். எல்லோரும் மிதித்துத் தள்ளிய கணக்கு அது. நீங்கள் கிளம்பும்போது டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, திரும்பும்போது படித்துக்கொள்ளுங்கள். 1.5 டர்போ ஆட்டோமேட்டிக்கில் ஊருக்குள் லிட்டருக்கு 9 முதல் 12 என்று வந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். டேங்க் அளவையும் சேர்த்துப் பாருங்கள்: கிரெட்டாவில் 50 லிட்டர், ஃப்ரான்க்ஸில் 37.

இறங்கியதும், அடுத்த வண்டியைத் தொடும் முன், நான்கு பேரும் தனித்தனியே எண்ணத்தைச் சொல்லுங்கள், அதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஊர்தல், மேடு, பின்சீட், முந்தும் தாமதம், அம்மா ஏறி இறங்கியது, இந்த ஐந்து தலைப்பு போதும்.

நீங்கள் சொன்ன வாழ்க்கைக்கு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். தினசரி 20 கி.மீ.யும் நெரிசல்தான், பெங்களூரு போவது பெரும்பாலும் நீங்கள் மட்டும்தான் என்றால் டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஃப்ரான்க்ஸ் டர்போ போதும், மிச்சப் பணம் கையில் நிற்கும். ஆனால் அம்மாவின் தலையும் பின்சீட் இடமும் அதில் தேற வேண்டும். குடும்பத்தோடு நெடுஞ்சாலை அதிகம் என்றால் 1.5 டர்போக்களில் ஒன்று. அவற்றுக்குள், ஐந்து ரோட்டின் பத்து நிமிடத்தில் எது குறைவாகத் தலையாட்டியதோ அதை எடுங்கள். இரண்டும் அதிலேயே உங்களை வெறுப்பேற்றின என்றால் டார்க் கன்வெர்ட்டர் உள்ள வேறு டர்போக்களையும் இதே பாதையில் ஓட்டிப் பாருங்கள். திருவள்ளூர் ஆலையில் தயாராகும் சிட்ரோன் பசால்ட் 1.2 டர்போ அப்படி ஒன்று.

டெஸ்ட் டிரைவ் முடிந்த அன்றே புக்கிங் போட வேண்டாம். "இந்த ஆஃபர் இன்றைக்கு மட்டும்" என்றால், விலைப்பட்டியலை ஆன்-ரோடு விலையோடு, வேரியன்ட், நிறம், ஆக்ஸசரிஸ் தனித்தனியாகப் பிரித்து எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். புக்கிங் போடும்போது ரத்து செய்தால் எவ்வளவு பணம் திரும்பும் என்பதை ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். வண்டி வந்ததும் பதிவு செய்யும் முன் சேஸிஸ் எண்ணையும் தயாரான மாதத்தையும் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்கள்.